40 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே போன் ஏன் அணைகிறது?

வந்த கேள்வியின் சுருக்கம் இது. அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். மூன்று வருடமான ஆண்ட்ராய்டு போன். 40 சதவீதம் சார்ஜ் காட்டும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. வாடிக்கையாளர் கொண்டுவரும் ரவிக்கை மாடலைப் படம் எடுக்கப் போகும்போதுதான் இது அதிகம். சார்ஜரில் செருகினால் 36, 37 என்று காட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறது. ஒரு கடையில் "போர்டு போயிடுச்சு, 4,500 ஆகும்" என்றார்கள். இன்னொரு கடையில் "சாஃப்ட்வேர் போட்டாப் போதும், 800" என்றார்கள். வீட்டிலேயே ரீசெட் செய்தும் பார்த்தாகிவிட்டது, பயனில்லை. எந்தக் கடையை நம்புவது? இல்லை, புது போனே வாங்கிவிடலாமா?

இரண்டு கடையையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். புது போனும் வேண்டாம். உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. படம் எடுக்கும்போது அணைகிறது, சார்ஜரில் செருகியதும் கிட்டத்தட்ட அதே சார்ஜுடன் எழுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் பத்தில் எட்டு ஒன்பது போனில் பேட்டரிதான் காரணம். நான் பதினோரு வருடம் போன் சர்வீஸ் செய்தவன், அதில் ஐந்து வருடம் சென்னை ரிச்சி தெருவில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆனாலும் பணத்தை எடுக்கும் முன் செய்துபார்க்க வேண்டிய சில சோதனைகள் உண்டு. அவற்றுக்குக் காசு ஆகாது.

முதலில், 40 சதவீதம் இருக்கும்போது எப்படி அணைய முடியும் என்ற குழப்பம். மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதித் தண்ணீர் இருக்கிறது. ஆனால் வீடு கட்டி இருபது வருடம். போர் தண்ணீரின் உப்பு பைப்புக்குள் படிந்து படிந்து, உள்ளே இருக்கிற வழி பென்சில் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒன்றாகத் திறந்தால் இரண்டிலும் நூல் மாதிரி வழியும். தொட்டியில் தண்ணீர் இல்லையா என்றால் இருக்கிறது, வெளியே வர வழிதான் இல்லை.

பழைய பேட்டரியின் கதையும் இதுதான். பள்ளியில் அகமின்தடை என்று படித்திருப்போம், அதுதான் அந்த உப்புப் படிந்த பைப். லித்தியம் அயன் பேட்டரியில் ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் உள்ளே இருக்கிற கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கிறது. வெயிலும் சூடும் அதை வேகப்படுத்தும். படலம் தடிக்கத் தடிக்க மின்தடை ஏறும். 1991-இல் சோனி இந்த வகைப் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்ததிலிருந்து எவ்வளவோ முன்னேற்றம் வந்துவிட்டது, 2019-இல் இதற்கு நோபல் பரிசுகூடக் கொடுத்தார்கள். ஆனால் மூப்படைவதை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இன்னும் தெளிவாகும். 40 சதவீதத்தில் பேட்டரி சும்மா இருக்கும்போது 3.7 வோல்ட் காட்டுகிறது என்று கொள்வோம். போன் 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்றும் கொள்வோம். மாடலுக்கு மாடல் இந்த எண்கள் கொஞ்சம் மாறும், கணக்கு மாறாது. கேமராவைத் திறந்து ஃபிளாஷ் அடிக்கும்போது போன் ஒரு நொடிக்கு 2 ஆம்பியர் இழுக்கிறது. புதுப் பேட்டரியில் தடை 0.1 ஓம் என்றால் 0.2 வோல்ட் இறங்கும். 3.5-இல் நிற்கும், போனுக்கு ஒன்றும் ஆகாது. பழைய பேட்டரியில் தடை 0.3 ஓம் ஆகியிருந்தால் 0.6 வோல்ட் இறங்கும். 3.1. அவ்வளவுதான், பட்டென்று இருட்டு. அணைந்ததும் இழுவை நின்றுவிடுகிறது, வோல்டேஜ் மறுபடி 3.7-க்கு ஏறிவிடுகிறது. அதனால்தான் சார்ஜரில் செருகியதும் ஒன்றுமே நடக்காதது மாதிரி 37 சதவீதம் காட்டுகிறது. போன் பொய் சொல்லவில்லை, தொட்டியில் அவ்வளவு தண்ணீர் உண்மையிலேயே இருக்கிறது.

அந்தச் சதவீத எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. தராசில் நிறுத்துச் சொல்வதுபோல யாரும் அதை அளந்து சொல்வதில்லை. உள்ளே எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று ஒரு சிப் கணக்கு எழுதிக்கொண்டே இருக்கும். மளிகைக் கடை நோட்டு மாதிரி. பேட்டரி மூப்படைந்த பிறகு நோட்டில் இருப்பதும் டப்பாவில் இருப்பதும் ஒத்துப்போகாது. 40-இலிருந்து திடீரென்று 12-க்குக் குதிப்பது, 1 சதவீதத்தில் அரை மணி நேரம் ஓடுவது எல்லாம் இந்தக் குழப்பம்தான். ஒரு முறை தானாக அணையும்வரை தீர்த்துவிட்டு, பிறகு இடைவிடாமல் 100 வரை ஏற்றினால் நோட்டு ஓரளவு சரியாகும். பைப் சரியாகாது. "கேலிப்ரேஷன் செய்தால் பேட்டரி புதுசாகிவிடும்" என்று சொல்லும் காணொளிகளை நம்பி வாரா வாரம் இதைச் செய்துகொண்டிருக்காதீர்கள். அடிக்கடி முழுசாகத் தீர்ப்பதே பேட்டரிக்கு ஆகாது.

இது உங்கள் அம்மா போனுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஆப்பிளுக்கே வந்தது. ஐபோன் 6எஸ் சார்ஜ் இருக்கும்போதே அணைகிறது என்று புகார்கள் குவிந்ததால், 2015 செப்டம்பர், அக்டோபரில் தயாரான குறிப்பிட்ட போன்களுக்கு இலவசமாகப் பேட்டரி மாற்றித் தருவதாக 2016 நவம்பரில் அந்த நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஜனவரியில் ஐபோன் மென்பொருளின் புதுப் பதிப்பு ஐஓஎஸ் 10.2.1 வந்தது, திடீர் அணைப்பு வெகுவாகக் குறைந்தது. எப்படிக் குறைத்தார்கள் என்பது அந்த வருடக் கடைசியில்தான் எல்லோருக்கும் தெரிந்தது. கீக்பெஞ்ச் சோதனை மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல், பேட்டரி பழசான ஐபோன்களின் வேகம் குறைக்கப்பட்டிருப்பதைக் கணக்கோடு காட்டினார். பிராசசர் ஒரே மூச்சில் அதிகம் இழுக்காதபடி அதன் வேகத்துக்கு மூக்கணாங்கயிறு போட்டிருந்தார்கள். இரண்டு குழாயை ஒன்றாகத் திறக்க விடாமல் வீட்டுக்காரர் காவல் நிற்பது மாதிரி.

பொறியியலாகப் பார்த்தால் அது தப்பான யோசனை இல்லை. சொல்லாமல் செய்ததுதான் தப்பு. போன் மெதுவானதும் பேட்டரியை மாற்றினால் போதும் என்று தெரியாமல் எத்தனையோ பேர் புது போன் வாங்கினார்கள். 2017 டிசம்பரில் ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 2018 முழுக்க 29 டாலராக்கியது. பிரான்ஸ் அரசு 2020-இல் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தார்கள். ஐபோனில் இன்று பார்க்கிற "பேட்டரி ஹெல்த்" பக்கமே இந்த ரகளையால் 2018-இல் வந்ததுதான். ஆண்ட்ராய்டு பக்கமும் சுத்தமில்லை. கூகுளுக்காக ஹுவாவே தயாரித்த நெக்சஸ் 6பி இதே பாணியில் அணைந்து அணைந்து, அந்த வழக்கு 2019-இல் 97.5 லட்சம் டாலரில் முடிந்தது.

சரி, உங்கள் போனுக்கு வருவோம். பேட்டரிதான் என்று நான் சொன்னாலும், வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

போன் உண்மையிலேயே அணைந்ததா, திரை மட்டும் அணைந்ததா? அடுத்த முறை நடக்கும்போது வேறு போனிலிருந்து அம்மாவைக் கூப்பிடுங்கள். மணி அடித்தால் போன் உயிரோடுதான் இருக்கிறது, கோளாறு டிஸ்ப்ளேயில். "ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது" என்று அந்தப் பெண்குரல் சொன்னால்தான் அணைந்திருக்கிறது. சிரிக்காதீர்கள், "ஆஃப் ஆயிடுது" என்று கடைக்கு வருகிற போன்களில் சில இந்த ரகம். காந்தம் வைத்த ஃபிளிப் கவர் திரையை அணைத்துக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் காதருகே வைத்தால் திரையை அணைக்கும் ப்ராக்ஸிமிட்டி சென்சாரை ஸ்கிரீன் கார்டு மறைத்து, பேசும்போது திரை இருண்டு அப்படியே நின்றிருக்கும்.

அணைந்து கிடக்கிறதா, அணைந்து தானாக எழுகிறதா? நான் கடையில் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலானவர்கள் இரண்டையும் ஒன்றாகவே சொல்வார்கள். அணைந்தே கிடந்தால் மின்சாரம் வரத்து பற்றிய பிரச்சினை: பேட்டரி, அதன் கனெக்டர், போர்டு, சில சமயம் சூடு. தானாகவே கம்பெனி லோகோ காட்டி எழுந்தால் அது ரீஸ்டார்ட். மென்பொருள், ஸ்டோரேஜ், சில சமயம் உள்ளே ஏதோ ஒரு சென்சார் பதில் சொல்லாதது போன்ற காரணங்களைத் தேட வேண்டும். நீங்கள் பார்க்காதபோது நடந்திருந்தாலும் கண்டுபிடிக்கலாம். செட்டிங்ஸில் அபவுட் போன், ஸ்டேட்டஸ் என்று போனால் பல போன்களில் "அப் டைம்" என்று ஒன்று இருக்கும், கடைசியாக எழுந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும். காலையில் எடுக்கும்போது கைரேகையை ஏற்காமல் பின் நம்பர் கேட்டால் அதுவும் இரவில் ரீஸ்டார்ட் ஆனதற்கு ஒரு தடயம்.

அடுத்தது, எப்போது அணைகிறது. அம்மா போன் கேமராவில் அணைகிறது என்கிறீர்கள். கேட்டுப் பாருங்கள், டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் பேசும்போதும் அணையக்கூடும். டவர் தூரமாக இருந்தால் போன் சத்தமாகக் கத்த வேண்டியிருக்கிறது. 2ஜி அலைவரிசையில் ஒரு போன் துடிப்புத் துடிப்பாக 2 வாட் வரை சக்தி வீசும், அந்தத் துடிப்பில் ஆம்பியர் எகிறும். கேமரா, டவர் இல்லாத இடம், விளையாட்டு என்று பாரம் ஏறும்போதெல்லாம் அணைந்து, வாட்ஸ்அப் படிக்கும்போது ஒழுங்காக இருந்தால் பேட்டரி என்று கிட்டத்தட்ட எழுதியே கொடுத்துவிடலாம். உறுதி செய்ய எளிய வழி: பவர் பேங்கில் செருகி வைத்துக்கொண்டே அதே ஃபிளாஷ் படங்களை எடுக்கச் சொல்லுங்கள். செருகியிருக்கும்போது அணையவே இல்லை, கழற்றினால் அணைகிறது என்றால் சந்தேகம் தீர்ந்தது. செருகியிருந்தும் அணைந்தால் நான் சொன்ன பத்தில் ஒன்றிரண்டில் உங்கள் போன் இருக்கிறது.

இந்தச் சோதனைக்கு முன் கவரைக் கழற்றிப் போனை மேசையில் மல்லாக்க வைத்துப் பாருங்கள். பின்பக்கம் லேசாக மேடு தட்டியிருக்கிறதா? ஓரத்தில் திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே நகம் போகிற இடைவெளி தெரிகிறதா? மேசையில் சுற்றிவிட்டால் பம்பரம் மாதிரி சுற்றுகிறதா? அப்படியென்றால் பேட்டரி உப்பியிருக்கிறது, உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. அதற்கு மேல் எந்தச் சோதனையும் வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்தி காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைப்பதும் உதவாது. அணைத்து, துணிமணி இல்லாத இடத்தில் வைத்து, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். தையல் கடை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன், வெட்டுத்துணி மூட்டைக்குப் பக்கத்தில் அந்தப் போன் இருக்கக் கூடாது.

கவரைக் கழற்றச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதில் நானே அசடு வழிந்திருக்கிறேன். ஒருவர் போன் தானாக அணைகிறது என்று கொண்டுவந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு பேட்டரி மாற்றினேன். நாலு நாளில் திரும்பி வந்தார். மறுபடி வேறு பேட்டரி. மறுபடி வந்தார். மூன்றாவது முறை போனைக் கடையிலேயே வைத்துக்கொண்டேன், இரண்டு நாள் ஓடியது, அணையவே இல்லை. அவர் வந்து வாங்கி, பையிலிருந்த ரப்பர் கவரை மாட்டினார். என் கண்ணெதிரே அணைந்தது. அந்தக் கவர் வேறு மாடலுக்கானது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. பட்டனைப் பத்து நொடி விடாமல் அழுத்தினால் போன் அணையத்தானே செய்யும்! பட்டனுக்குள் வியர்வையும் தூசியும் போய் ஒட்டிக்கொண்டாலும் இதே கதைதான். கவர் இல்லாமல் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பட்டனை நாலைந்து முறை அழுத்தி "டிக்" என்று சுத்தமாக எழும்புகிறதா என்றும் பாருங்கள்.

சூடு. ஸ்மார்ட்போன்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வசதியான வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி. மே மாதத்தில் வேலூரிலும் மதுரையிலும் நிழலிலேயே 40 தாண்டும். பைக் ஹேண்டிலில் மாட்டி, மேப் ஓடவிட்டு, சார்ஜும் போட்டுக்கொண்டு வெயிலில் போனால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைவது சரியான செயல்தான். பெரும்பாலான போன்கள் அணையும் முன் சூடாகிவிட்டது என்று ஒரு எச்சரிக்கை காட்டும். நிழலில் வைத்தால் போதும். இதற்கு நேர்மாறானது குளிர். டொரொண்டோவில் இருக்கிற என் மச்சான் ஜனவரி மாதம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அவருடைய பழைய போன் 50 சதவீதத்தில் அணைந்துவிடும் என்பார். குளிரில் பேட்டரியின் அகமின்தடை தற்காலிகமாக ஏறுகிறது, பைப்பில் தண்ணீர் உறைகிற மாதிரி. கோட்டின் உள்பையில் வைத்தால் சரியாகிவிடும். உறைகுளிரிலிருந்து உள்ளே வந்த உடனே சார்ஜ் போடாமல் கொஞ்சம் பொறுப்பது நல்லது, பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றுவது பேட்டரியைக் கெடுக்கும்.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். சாதாரண ஆப் ஒன்று போனை ஹேங் ஆக்கும், சூடாக்கும், அரிதாக ரீஸ்டார்ட் ஆக்கும். முழுசாக அணைத்துப்போடுவது அதைவிட அரிது. சந்தேகம் இருந்தால் சேஃப் மோடில் ஒரு நாள் ஓட்டுங்கள். பல போன்களில் பவர் ஆஃப் என்று வரும் பொத்தானை விரலெடுக்காமல் அழுத்தினால் சேஃப் மோட் கேட்கும். நீங்கள் ஏற்றிய ஆப் எதுவும் அதில் ஓடாது. அதிலும் அணைந்தால் ஆப்கள் மேல் பழி இல்லை. ஸ்டோரேஜ் முழுக்க நிரம்பியிருந்தால் ரீஸ்டார்ட் தொல்லை வரும், அதனால் குட் மார்னிங் படங்களையெல்லாம் அழித்து நாலைந்து ஜிபி காலி செய்யுங்கள். நீங்கள் ஏற்கெனவே ரீசெட் செய்தும் சரியாகவில்லை என்கிறீர்கள். அப்படியிருக்க "சாஃப்ட்வேர் போட்டாப் போதும்" என்பது அதே வேலையை 800 ரூபாய்க்கு மறுபடி செய்வது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் பேட்டரி ஹெல்த்தில் 80-க்குக் கீழே போயிருக்கிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது. ஐபோன் சரியாக மூன்று மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை ரீஸ்டார்ட் ஆனால் அது வேறு கதை. உள்ளே ஏதோ ஒரு சென்சார் பதில் சொல்லவில்லை என்று காவலுக்கு இருக்கும் நிரல் 180 நொடி காத்திருந்துவிட்டு மறுதொடக்கம் செய்கிறது. பிரைவசி பகுதிக்குள் அனலிட்டிக்ஸ் டேட்டாவில் "பேனிக்-ஃபுல்" என்று தொடங்கும் கோப்பில் எந்த சென்சார் என்று எழுதியிருக்கும். சார்ஜிங் போர்ட் ஃபிளெக்ஸ் (நாடா மாதிரி மெல்லிய ஒயர்) அல்லது பவர் பட்டன் ஃபிளெக்ஸை மாற்றினாலே பல நேரம் தீர்ந்துவிடும், போர்டு வரை போக வேண்டியதில்லை. இதைத் தெரிந்த டெக்னீஷியன் அந்தக் கோப்பைக் கேட்பார். கேட்காமலேயே போர்டு என்றால் வேறு கடை பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது மாடலைப் பொறுத்தது. சாம்சங் போனில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பில் பேட்டரி நிலை காட்டும். மற்றவற்றில் அக்யூபேட்டரி மாதிரி ஆப் ஒன்றைப் போட்டு ஒரு வாரம் சார்ஜ் செய்தால், கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்று தோராயமாகக் கணித்துச் சொல்லும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கொள்ளளவு என்பது தொட்டி. நமக்குப் பிரச்சினை பைப்பில். கொள்ளளவு 85 சதவீதம் என்று காட்டும் பேட்டரிகூட ஃபிளாஷ் அடித்தால் விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஆப் "நல்லா இருக்கு" என்றால் அதை வேதவாக்காக எடுக்காதீர்கள்.

இப்போது அந்த 4,500 ரூபாய் போர்டு. போர்டு கோளாறு இல்லாமல் இல்லை. மழையில் நனைந்த போன், கீழே விழுந்த போன் இரண்டிலும் நிறைய வரும். தண்ணீர் போனால் உள்ளே பச்சை பூத்து, வாரங்கள் கழித்துக்கூட ஷார்ட் ஆகலாம் (அரிசி டப்பாவில் வைப்பதால் அரிசி மாவுதான் உள்ளே போகும், ஆப்பிளே வேண்டாம் என்கிறது). விழுந்த போனில் பேட்டரி கனெக்டர் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கும், திறந்து ஒரு அழுத்து அழுத்தினால் சரி. போனை மெல்லத் தட்டினாலோ முறுக்கினாலோ அணைகிறது என்றால் முதலில் நான் சந்தேகப்படுவது இதைத்தான். அம்மா போன் சமீபத்தில் விழுந்ததா, நனைந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டுப் பாருங்கள், அம்மாக்கள் இதை லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

போர்டுதானா என்று கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? மேசையில் டிசி மெஷின் என்று ஒன்று வைத்திருப்பார், வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் பெட்டி. பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டிசி மெஷினின் ஒயரைப் பிடிப்பார். பவர் பட்டனை அழுத்தும் முன் ஆம்பியர் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். தொட்டவுடனே எகிறினால் போர்டில் எங்கோ ஷார்ட். பட்டனை அழுத்தியதும் படிப்படியாக ஏறி, போன் எழுந்து, கேமரா திறந்து, ஃபிளாஷ் அடித்தும் நிற்கிறது என்றால் போர்டுக்கு ஒரு குறையும் இல்லை, பேட்டரியை மாற்றினால் முடிந்தது. ஐந்து நிமிட வேலை. உங்கள் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். நல்ல டெக்னீஷியன் சந்தோஷமாகக் காட்டுவார், எனக்கெல்லாம் யாராவது கேட்டால் வாத்தியார் ஆகிவிட்ட பெருமை வரும். உண்மையான ஷார்ட் என்றால் போர்டில் ரோசின் என்ற பிசினின் புகையைப் படியவிட்டு, மின்சாரம் கொடுத்து, எந்தக் கெப்பாசிட்டர் மேல் ரோசின் உருகுகிறது என்று பார்ப்பார்கள். குண்டூசித் தலையைவிடச் சின்னதாக இருக்கும் அந்த ஒன்றை எடுத்துவிட்டால் போன் பிழைத்துக்கொள்வதும் உண்டு. எதையும் அளக்காமல், போனைக் கையில் வாங்கிப் பார்த்தவுடனே "போர்டு" என்று ஒருவர் சொன்னால் அது சோதனை இல்லை, ஜோசியம்.

ஆகவே நீங்கள் கடைக்குப் போய்ச் சொல்ல வேண்டியது இதுதான்: "முதல்ல பேட்டரி மாத்திப் பாருங்க. அதுக்கப்புறமும் ஆஃப் ஆனா போர்டைப் பத்திப் பேசலாம்." அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருந்தால் அங்கேயே போடுவதுதான் என் முதல் சிபாரிசு. கொஞ்சம் கூட ஆனாலும் பேட்டரி அதே போனுக்கானது என்ற நிம்மதி உண்டு. மாடல் பழசு, பேட்டரி ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய ரைட் டு ரிப்பேர் இணையதளத்தில் பல கம்பெனிகளின் சர்வீஸ் விவரங்களும் கிடைக்கும்.

வெளிக்கடையில் போடுவதென்றால் பேட்டரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் போன் பேட்டரிக்கு ஐஎஸ் 16046 தரத்தின்படி பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு வேண்டும், லேபிளில் அந்த முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். முத்திரையையும் போலியாக அச்சடிப்பார்கள், உண்மைதான். ஆனால் முத்திரையே இல்லாததை வாங்க வேண்டாம். பழைய பேட்டரியில் 5,000 எம்ஏஎச் என்று இருக்க, அதே அளவுப் புதுப் பேட்டரியில் 6,500 என்று போட்டிருந்தால் அது எழுத்தில் மட்டும் இருக்கிற மின்சாரம். தயாரித்த தேதியும் முக்கியம். இரண்டு வருடம் கடைப் பெட்டியில் கிடந்த பேட்டரி விற்காத பழைய ஸ்டாக்காக இருந்தாலும் மூப்பு மூப்புதான்.

பேட்டரி மாற்றுவதால் உள்ளே இருக்கிற படங்கள், தொடர்புகள் எதுவும் அழியாது. இருந்தாலும் கொடுக்கும் முன் பேக்கப் எடுங்கள், சிம்மைக் கழற்றிக்கொள்ளுங்கள். ஜிபே, வங்கி ஆப் எல்லாம் இருக்கிற போன் என்பதால் பின் நம்பரைச் சொல்லாதீர்கள். பேட்டரி மாற்ற அது தேவையே இல்லை. சோதிக்கத் திறக்க வேண்டும் என்றால் நீங்களே திறந்து கொடுங்கள். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் என்று உண்டு, அதைப் போட்டுக் கொடுத்தால் உங்கள் விவரம் எதையும் அவர்களால் பார்க்க முடியாது. பின்கண்ணாடி ஒட்டப்பட்ட மாடலாக இருந்தால் திறந்த பிறகு பழைய அளவுக்குத் தண்ணீர் தாங்காது, மழையில் கொஞ்சம் ஜாக்கிரதை.

அதுவரை அம்மா சமாளிக்க வேண்டுமே. பேட்டரி சேவரைப் போட்டே வைக்கச் சொல்லுங்கள், பிராசசரின் இழுவையைக் குறைக்கும். ஆப்பிள் செய்த அதே வித்தைதான், இதில் நமக்குத் தெரிந்தே நடக்கிறது. ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் ரவிக்கையைப் படம் எடுக்கலாம், நிறமும் சரியாக வரும். சார்ஜ் 50-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

பேட்டரி மாற்ற நீங்களே கூடப் போங்கள். போகும்போது சார்ஜர் கொண்டுபோக வேண்டாம். புதுப் பேட்டரி பெரும்பாலும் பாதி சார்ஜோடுதான் வரும், நமக்கு அதுதான் வேண்டும். மாட்டி முடித்ததும் கவுண்டரிலேயே நின்று, சார்ஜரில் செருகாமல், ஃபிளாஷ் போட்டு இருபது படம் எடுங்கள். இரண்டு நிமிடம் வீடியோ எடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் போனிலிருந்து அம்மா போனுக்கு ஒரு கால் போடுங்கள். அவ்வளவுக்கும் அணையாமல் நின்றால் பணத்தைக் கொடுத்துவிட்டு, பழைய பேட்டரியை அவர்களிடமே விட்டுவிட்டு வாருங்கள்.